துணி மாஸ்க்ல இருந்து என்95 வரைக்கும்: லாக்டவுன் பூரா போட்டுப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

கொரோனா லாக்டவுன் டைம்ல வீட்டுக்குள்ள வந்து குவிஞ்ச சாமான்ல எது நெஜமாவே வேலை செஞ்சுது, எது சும்மா மனசு ஆறுதலுக்கு இருந்துச்சுன்னு ஒரு நேர்மையான ரிவ்யூ எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். பிராண்ட் பேர் எதையும் சொல்லப் போறதில்ல, ஏன்னா ஒரே கம்பெனி மாஸ்க் ஒருத்தர் மூஞ்சிக்கு கச்சிதமா ஒக்காரும், இன்னொருத்தருக்கு கன்னத்து ஓரம் பூரா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும், அதனால வகை வகையா பிரிச்சுப் பாக்குறதுதான் நியாயம். முடிவ மொதல்லயே சொல்லிடுறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். மாஸ்க் வாங்கும்போது எல்லாரும் துணியத்தான் தடவித் தடவிப் பாக்குறாங்க, ஆனா பாக்க வேண்டியது ஓரத்த. காத்து எப்பவும் லேசான வழியாத்தான் போகும், எவ்வளவு ஒசத்தியான ஃபில்டர் வச்சிருந்தாலும் மூக்குப் பக்கத்துல விரல் நொழையுற அளவுக்கு கேப் இருந்தா நீங்க இழுக்குற காத்து அந்த கேப் வழியாத்தான் உள்ள வரும், ஃபில்டர்கிட்டயே போகாது. கீழ எழுதியிருக்கறது எல்லாமே இத வச்சு நான் போட்ட மார்க்குதான்.

மொதல்ல துணி மாஸ்க். 2020 ஆரம்பத்துல உலகம் பூரா மாஸ்க் தட்டுப்பாடு, ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்களுக்கே கெடைக்கல, அதனாலதான் ஏப்ரல் 3ஆம் தேதி அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி பொதுமக்கள் துணியில தச்சுப் போட்டுக்கோங்கன்னு சொல்லுச்சு. உலக சுகாதார நிறுவனம் ரெண்டு மாசம் கழிச்சு ஜூன் 5ஆம் தேதி கூட்டமான எடத்துல எல்லாரும் துணி மாஸ்க் போடணும்னு சொல்லி, அது எப்படி இருக்கணும்னும் சேத்தே சொல்லுச்சு. மூணு லேயர் வேணும், மூஞ்சிய ஒட்டி இருக்கறது ஈரத்த உறிஞ்சுற காட்டன், நடுவுல பாலிப்ரொப்பிலீன் மாதிரி ஃபில்டர் வேலை பாக்குற துணி, வெளிப்பக்கம் தண்ணி ஒட்டாத பாலியஸ்டர் வகை. ஆனா கடைகள்ல தொங்கினதுல முக்காவாசி இந்த மாதிரி இல்ல, ஒத்த லேயர் பனியன் துணி, இல்லன்னா ஸ்பாஞ்ச் மாதிரி இழுபடுற ஒண்ணு, போட்டா மூஞ்சிக்கு சிக்குனு இருக்கும் பாக்கவும் நல்லா இருக்கும், வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தா அந்தப் பக்கம் இருக்கற ஆளு தெரியும். வீட்டுலயே செஞ்சு பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, மாஸ்க்க போட்டுக்கிட்டு கொஞ்சம் தள்ளி எரியுற மெழுகுவத்திய ஊதிப் பாருங்க, சுலபமா அணைஞ்சுதுன்னா அந்தத் துணி உங்க மூச்ச தடுக்கல. இது லேப் டெஸ்ட் கெடையாது, படு மோசமானத கழிச்சுக் கட்ட உதவும், அவ்வளவுதான்.

நல்ல மூணு லேயர் துணி மாஸ்க்க நான் மட்டமா சொல்ல மாட்டேன். தொவச்சு தொவச்சு போடலாம், காது வலிக்காது, முக்கியமா நீங்க பேசும்போது இருமும்போது வாயில இருந்து தெறிக்கிற பெரிய துளிகள அங்கயே புடிச்சுக்கும், அதாவது நீங்க அடுத்தவங்களுக்கு பரப்புறத குறைக்கும். அடுத்தவங்க விட்ட காத்துல மெதக்குற நுண்ணிய துளிகள நீங்க இழுக்காம இருக்கணும்னா அதுல துணி கொஞ்சம் பலவீனம்தான். அப்புறம் சீக்கிரம் ஈரமாயிடும், ஈரமானா மாத்தணும், வெளிய போகும்போது பையில ரெண்டாவது ஒண்ணு இருக்கணும், இத சொன்னா நெறைய பேரு கேக்குறதே இல்ல, காலையில போட்டத ராத்திரி வரைக்கும் போட்டுக்கிட்டு அடுத்த நாளும் அதையே மாட்டிக்கிட்டு வர்றாங்க. தெனமும் சோப்பு போட்டு தொவைக்கணும், முடிஞ்சா 60 டிகிரி சூடான தண்ணியில. கொஞ்ச நாள் தொவச்ச பிறகு எலாஸ்டிக் தளர்ந்து போயி பேசும்போதெல்லாம் மூக்குல இருந்து வழுக்கி வழுக்கி எறங்கும், அப்பவே தூக்கிப் போட்டுடணும், துணி புதுசு மாதிரி இருந்தாலும் சரி. 5க்கு 2.5, மூக்குக் கம்பி வச்ச மூணு லேயரா இருந்தா 3.

அடுத்தது சர்ஜிக்கல் மாஸ்க், நீல கலர்ல டப்பா டப்பாவா வர்றது. பாக்க காகிதம் மாதிரி இருக்கும் ஆனா உள்ள விஷயம் இருக்கு. மூணு லேயர்ல நடுவுல இருக்கற மெல்ட்ப்ளோன்னு சொல்ற லேயர்தான் உயிர், ரொம்ப மெல்லிசான பிளாஸ்டிக் இழைகள தாறுமாறா பின்னி அதுக்கு நிலை மின்சாரம் ஏத்தி வச்சிருப்பாங்க. சீப்பால தலைய சீவிட்டு சின்ன காகிதத் துண்டுகிட்ட கொண்டு போனா வந்து ஒட்டுமே அதே சமாச்சாரம்தான், காத்துல வர்ற துகள அந்த இழை இழுத்துப் புடிச்சுக்கும், அதனாலதான் மூச்சு விடுறதுக்கு லேசாவும் இருக்கு ஃபில்டரும் நடக்குது. இந்த மின்சாரம் ஏத்துற டெக்னிக்ல பெரிய வேலை செஞ்சவர் பீட்டர் ட்சாய்ன்னு தைவான்ல பொறந்து அமெரிக்காவுல டென்னசி பல்கலைக்கழகத்துல இருந்த விஞ்ஞானி, ரிட்டயர் ஆயிருந்த மனுஷன் 2020ல மாஸ்க்க எப்படி பாதுகாப்பா திரும்ப உபயோகிக்கறதுன்னு ஆராய்ச்சி பண்ண மறுபடி எறங்கி வந்தாரு. இந்த விஷயத்துல அவர எனக்கு ரொம்பவே புடிக்கும்.

இந்த நிலை மின்சாரம் விஷயம் புரிஞ்சா ஏன் சர்ஜிக்கலையும் என்95யும் சோப்பு போட்டு தொவைக்கக் கூடாது, ஏன் மேல சானிடைசர் அடிக்கக் கூடாதுன்னு தானா புரிஞ்சிடும், சோப்பும் ஆல்கஹாலும் அந்த மின்சாரத்த அழிச்சிடும், அதுக்கப்புறம் கையில இருக்கறது வெறும் பிளாஸ்டிக் வலை. தொவச்சு காயப் போட்ட என்95 கொடியில வரிசையா தொங்குறத பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும், காசு கொடுத்து வாங்கினது, அத போட்டுக்கிட்டு தைரியமா கூட்டத்துக்குள்ள போவாங்களே.

சர்ஜிக்கலோட ஒரே பிரச்சன மறுபடியும் ஓரம்தான். அது மூஞ்சிய இறுக்கி மூட செஞ்சதே கெடையாது, ரெண்டு கன்னத்துலயும் கேப் இருக்கும், மூக்குக் கம்பிய அழுத்தலேன்னா மேலயும் இருக்கும். கலர் பக்கம் வெளிய, வெள்ளப் பக்கம் உள்ள, கம்பி இருக்கற ஓரம் மேல, போட்ட ஒடனே ரெண்டு கை விரலாலயும் கம்பிய மூக்குத் தண்டுக்கு ரெண்டு பக்கமும் அழுத்தி விடணும், கீழ்ப் பக்கத்த தாடைக்கு அடியில இழுத்து விரிக்கணும், இத ஒழுங்கா செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. மீதி கன்னத்து கேப்புக்கு ரெண்டு வழி, ஒண்ணு காது லூப்ப மாஸ்க் ஓரத்துல வர்ற எடத்துலயே ஒரு முடிச்சு போட்டு மீந்து நிக்கிற மடிப்ப உள்ள சொருகுறது, இன்னொண்ணு சர்ஜிக்கலுக்கு மேல ஒரு துணி மாஸ்க்க போட்டு அமுக்கறது. 2021 பிப்ரவரில சிடிசி வெளியிட்ட, பொம்மைத் தலைய வச்சு செஞ்ச லேப் டெஸ்ட்ல தனி சர்ஜிக்கலும் தனி துணி மாஸ்க்கும் இருமல்ல வர்ற துகள்கள்ல ஏறக்குறைய பாதியத்தான் தடுத்துது, ரெண்டையும் சேத்துப் போட்டப்ப 80 சதவீதத்துக்கு மேல தடுத்துது. இதுல ரெண்டாவது மாஸ்க் முக்கியமா செய்யுறது கீழ இருக்கற மாஸ்க்கோட ஓரத்த மூஞ்சியோட சேத்து ஒட்ட வைக்கிற வேலைதான். ரெண்டு சர்ஜிக்கல ஒண்ணு மேல ஒண்ணு போட்டா இந்த லாபம் கெடைக்காது, ரெண்டுக்கும் ஒரே எடத்துலதான் கேப் இருக்கும். மார்க் 5க்கு 3.5, முடிச்சு போட்டா 4.

இப்ப என்95, நான் ரொம்ப நேரம் பேச ஆசப்படுறது இதப் பத்திதான். அந்த 95ன்னா 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சைஸ் துகள்கள்ல கொறைஞ்சது 95 சதவீதத்த வடிகட்டும்னு அர்த்தம், அமெரிக்காவுல நியோஷ்ங்கற அமைப்பு டெஸ்ட் பண்ணி அப்ரூவல் கொடுக்குது. ஐரோப்பாவுல எஃப்எஃப்பி2, அது 94 சதவீதம், சீனாவுல கேஎன்95, அதுவும் 95. இதுல வாட்ஸ்அப்ல ஓயாம சுத்தின ஒரு கேள்வி உண்டு, வைரஸ் 0.1 மைக்ரான்தானே, மாஸ்க் 0.3தானே புடிக்கும், அப்ப வைரஸ் உள்ள பூந்துடுமேன்னு. கேக்க கரெக்ட் மாதிரி இருக்கும் ஆனா ஃபில்டர் சல்லடை மாதிரி ஓட்டைய வச்சு சலிக்கறது இல்ல. பெரிய துகள் காத்தோட சேந்து வளைஞ்சு போக முடியாம நேரா போயி இழையில மோதி ஒட்டிக்கும். ரொம்ப சின்னது காத்து மூலக்கூறுங்க இடிச்சு இடிச்சு தள்ளாடிக்கிட்டே போகும், தள்ளாடுற தள்ளாட்டத்துல எங்கயாவது ஒரு இழைய தொட்டு ஒட்டிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல 0.3 பக்கத்துல இருக்கறதுதான் ரெண்டு வகையிலயும் சிக்காம தப்பிக்கப் பாக்கும், அதனாலதான் இருக்கறதுலயே புடிக்கக் கஷ்டமான சைஸ வச்சு டெஸ்ட் பண்றாங்க, அதுல 95 வாங்கினா அதவிட பெருசுலயும் சின்னதுலயும் இன்னும் நல்லாவே வாங்கும். போதாக்குறைக்கு வைரஸ் தனியா பறந்து வர்றதில்ல, எச்சில் துளிக்குள்ள உக்காந்துதான் வரும், அந்தத் துளி வைரஸவிட பெருசு.

ஆனா இந்த 95 சதவீதம் ஓரம் முழுசா ஒட்டி இருந்தாத்தான். போட்ட ஒடனே ரெண்டு கையாலயும் மாஸ்க்க மூடிக்கிட்டு பலமா மூச்ச வெளிய விடுங்க, கண்ணுப் பக்கமோ கன்னத்துலயோ காத்து பட்டா லீக் இருக்கு, கம்பிய மறுபடி அழுத்தி பட்டைய சரி பண்ணுங்க. மூச்ச உள்ள இழுக்கும்போது மாஸ்க் லேசா மூஞ்சிய நோக்கி உள்வாங்கணும். கண்ணாடி போடுறவங்களுக்கு இன்னும் சுலபம், கண்ணாடியில ஆவி படிஞ்சா மேல லீக் அடிக்குதுன்னு அர்த்தம், கண்ணாடிய தொடச்சுக்கிட்டே இருக்காம கம்பிய சரி பண்ணுங்க. தாடி வச்சிருக்கறவங்க கேக்க வேண்டிய விஷயம், மாஸ்க் ஓரம் ஒக்கார்ற எடத்துல முடி இருந்தா சீல் ஆகாது, ரெண்டு மூணு நாள் ஷேவ் பண்ணாத முள்ளு முடியே போதும் கெடுக்கறதுக்கு. மீசை மாஸ்க்குக்குள்ள அடங்கிடுச்சுன்னா பிரச்சன இல்ல.

போலிதான் என்95ல பெரிய தலவலி. நியோஷ் அப்ரூவல் இருக்கறதுல தலைய சுத்திப் போடுற ரெண்டு பட்டை இருக்கும், காதுல மாட்டுற லூப் இருந்து பக்கத்துலயே நியோஷ்னு எழுதியிருந்தா சந்தேகப்படுங்க. மாஸ்க் மேலயே TCன்னு ஆரம்பிக்கற அப்ரூவல் நம்பர் அச்சடிச்சிருக்கணும், குழந்தைகளுக்கான நியோஷ் என்95ன்னு போட்டிருந்தா அது பொய், நியோஷ் குழந்தைகளுக்குன்னு எதுக்கும் அப்ரூவல் கொடுக்கறதில்ல. பூப் போட்டு ஜிகினா ஒட்டி வந்தாலும் அதே கதைதான். காது லூப் வச்ச கேஎன்95 எல்லாமே போலின்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அது வேற ஸ்டாண்டர்ட், ஆனா காதுல மாட்டுறது தலைப்பட்டை அளவுக்கு இறுக்கமா ஒக்காராது, பின்னந்தலையில ஒரு கொக்கி போட்டு ரெண்டு லூப்பையும் இழுத்து மாட்டிக்கிட்டா கணிசமா சரியாகும்.

என்95 போட்டு ரொம்ப நேரம் இருந்தா சூடா இருக்கும், மூக்குத் தண்டுல தடம் விழும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குற மாதிரி இருக்கும், இதெல்லாம் உண்மை, எங்க வீட்டுல பெரியவங்களுக்கு இதனாலயே இது ஒத்து வரல. ஆனா ஆக்ஸிஜன் கொறைஞ்சிடும் கார்பன் டைஆக்ஸைடு உள்ளயே தேங்கி மயக்கம் வந்துடும்னு பயப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை, இந்த வாயு மூலக்கூறு எல்லாம் வைரஸ் துகளோட ஒப்பிட்டா எவ்வளவோ மடங்கு சின்னது, துணியிலயோ ஃபில்டர்லயோ தாராளமா போயிட்டு வரும். சந்தேகம்னா ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவ காட்டுற ஆக்ஸிமீட்டர விரல்ல மாட்டிக்கிட்டே மாஸ்க் போட்டு உக்காந்து பாருங்க. நுரையீரல் வியாதி இருக்கறவங்க மட்டும் என்95 போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கறது நல்லது. திரும்ப உபயோகிக்கறதுக்கு பீட்டர் ட்சாய் சொன்ன வழிதான் எனக்கு செட் ஆச்சு, நாலஞ்சு மாஸ்க்க தனித்தனி காகிதக் கவர்ல போட்டு நாள் எழுதி வச்சு மாத்தி மாத்திப் போடுறது, ஒண்ணு போட்டா அது மறுபடி முறை வர்றதுக்குள்ள பல நாள் ஆயிடும், அதுக்குள்ள மேல ஒட்டியிருந்த வைரஸ் செயலிழந்துடும். பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும். பட்டை தளர்ந்தா, அழுக்கானா, உள்ள நைஞ்சு போனா அதோட முடிஞ்சுது. மார்க் 5க்கு 4.5, வசதி இல்லாததுக்காக அர மார்க் கொறைச்சிருக்கேன்.

வால்வு வச்ச மாஸ்க் வேண்டாம். நீங்க விடுற மூச்ச அப்படியே வெளிய தள்ளுறதுக்குத்தான் அந்த வட்டம் இருக்கு, தூசியில வேலை பாக்குறவங்களுக்கு செஞ்சது, உங்களுக்கு தொத்து இருந்தா எதிர்ல இருக்கறவங்களுக்கு அது பாதுகாப்பு கெடையாது. ஃபேஸ் ஷீல்டு மட்டும் தனியா போடுறதும் வேண்டாம், ஜப்பான்ல ஃபுகாக்கு சூப்பர் கம்ப்யூட்டர்ல 2020ல ஓட்டிப் பாத்த சிமுலேஷன்ல 5 மைக்ரானுக்கு சின்னதா இருந்த துளி கிட்டத்தட்ட மொத்தமும் ஷீல்டோட ஓரம் வழியா வெளிய போயிடுச்சு. மாஸ்க்குக்கு மேல கூடுதலா போட்டா கண்ணுக்கு பாதுகாப்பு, அந்த அளவுக்கு ஓகே. தொத்து சமயத்துல பாதுகாப்புன்னு நம்பி வாங்கினா ரெண்டுக்கும் 5க்கு 1.

இதெல்லாம் புதுசா வந்த ஃபேஷன்னு நெனக்கிறவங்களுக்காக ஒரு பழைய கதை. 1910 கடைசியில சீனாவோட வடகிழக்குல இருக்கற மஞ்சூரியாவுல நுரையீரல் பிளேக் பரவி சுமார் 60,000 பேர் செத்தாங்க, அத கட்டுப்படுத்த போனவர் ஊ லியென் டே, 1879ல பினாங்குல பொறந்த டாக்டர். இது எலி மூலமா இல்ல, மூச்சுக் காத்து மூலமா மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்கு பரவுதுன்னு சொல்லி, பஞ்ச நடுவுல வச்சு மெல்லிசு துணிய பல மடிப்பா மடிச்சு தலைய சுத்தி கட்டுற மாதிரி ஒரு மாஸ்க் செஞ்சு எல்லாரையும் போடச் சொன்னாரு. மெஸ்னின்னு ஒரு ஃபிரெஞ்சு டாக்டர், இவரவிட சீனியர், இத ஒத்துக்காம மாஸ்க் இல்லாமலேயே நோயாளிகள பாக்கப் போனாரு, சில நாள்லயே 1911 ஜனவரில அதே நோய்ல இறந்துட்டாரு. நூறு வருஷம் தாண்டியும் அந்த வாக்குவாதம் அப்படியே நடந்தத பாக்கும்போது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

சரி நெஜமாவே வேலை செய்யுதான்னு நீங்க கேக்கலாம், கேக்கணும். டென்மார்க்ல 2020ல சுமார் 6,000 பேர வச்சு ஒரு சோதனை நடந்துச்சு, சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொன்ன குரூப்ல 1.8 சதவீதம் பேருக்கு தொத்து, போடச் சொல்லாத குரூப்ல 2.1 சதவீதம், இந்த வித்தியாசத்த வச்சு அடிச்சு எதுவும் சொல்ல முடியாது, மாஸ்க் எதிர்ப்பாளர்கள் இதத்தான் தூக்கிக்கிட்டு வருவாங்க. ஆனா அது போடுறவங்களுக்கு என்ன பாதுகாப்புன்னு மட்டும்தான் பாத்துச்சு, அவங்களால மத்தவங்களுக்கு பரவுறது கொறைஞ்சுதான்னு பாக்கவே இல்ல, சொன்னபடி முழுசா போட்டவங்களும் பாதிக்கு கீழதான். பங்களாதேஷ்ல 600 கிராமத்துல 3 லட்சத்துக்கும் மேல மக்கள வச்சு நடத்தினது பெருசு. மாஸ்க்க இலவசமா வீட்டுக்கே கொடுத்து, ஊர்ப் பெரியவங்கள போடச் சொல்லி, தெருவுல போடாதவங்கள பாத்தா நின்னு எடுத்துச் சொல்லி, இப்படியெல்லாம் செஞ்சதும் மாஸ்க் போடுறவங்க 13 சதவீதத்துல இருந்து 42 சதவீதம் ஆனாங்க, சர்ஜிக்கல் கொடுத்த கிராமங்கள்ல அறிகுறியோட வந்த தொத்து 11 சதவீதம் கொறைஞ்சுது, 60 வயசு தாண்டினவங்கள்ல 35 சதவீதம். பாதிப் பேரு கூட போடாத ஊர்லயே இந்த அளவுன்னா எனக்கு அது பெரிய விஷயம். துணி மாஸ்க் கொடுத்த கிராமங்கள்ல தெளிவான பலன் தெரியல, நான் துணிக்கு மார்க் கொறைச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், 2020 மே மாசம் அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல ஒரு சலூன்ல முடி வெட்டுற ரெண்டு பேருக்கு கொரோனா, அறிகுறியோடயே 139 பேருக்கு வேலை செஞ்சிருக்காங்க, எல்லாரும் மாஸ்க், நெறைய துணி மாஸ்க், டெஸ்ட் எடுத்துக்கிட்ட 67 பேர்ல ஒருத்தருக்கு கூட தொத்து இல்ல, மத்தவங்களுக்கும் அறிகுறி வரல. இது சோதனை கெடையாது ஒரு சம்பவம்தான், ஆனாலும் ரெண்டு பக்கமும் போட்டிருந்தா சாதா துணிக்கும் ஒரு பலம் வருதுன்னு எனக்கு தோணுது.

சானிடைசருக்கு வருவோம். லேபிள்ல பாக்க வேண்டியது வாசனையோ 99.9ங்கற நம்பரோ இல்ல, ஆல்கஹால் கொறைஞ்சது 60 சதவீதம் இருக்கான்னு. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலால எத்தனால்னா 80, ஐசோப்ரொப்பைல்னா 75, கூட கை வறண்டு போகாம இருக்க கொஞ்சூண்டு கிளிசரின். அப்ப 100 சதவீதம் இருந்தா இன்னும் நல்லதான்னா இல்ல, கிருமியோட புரதத்த கெடுக்கறதுக்கு கொஞ்சம் தண்ணியும் வேணும். ஒரு துளி விட்டு தடவிட்டு சட்டையில தொடச்சுக்கறது வேலைக்கு ஆகாது, கை பூரா நனையுற அளவுக்கு விட்டு விரல் இடுக்கு கட்டைவிரல் நக ஓரம் எல்லாம் தேச்சு தானா காயணும், காயாம அடுப்புகிட்ட போகவே கூடாது, தீப்புடிக்கும். 2020 ஜூன்ல இருந்து மெத்தனால் கலந்த சானிடைசர் பத்தி அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வரிசையா எச்சரிக்கை விட்டுச்சு, அது கண்ண பறிக்கற விஷம், அதனால பேரு தெரியாத கேன்ல மொத்தமா வாங்கி ஊத்தி வைக்காதீங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. வீட்டுல இருக்கும்போது எனக்கு எப்பவும் சோப்புதான், வைரஸ மூடியிருக்கற கொழுப்பு உறைய சோப்பு ஒடச்சு விட்டுடும், 20 விநாடி தேச்சா போதும், கை அழுக்கா பிசுபிசுன்னு இருந்தா சானிடைசரவிட சோப்பு எவ்வளவோ மேல். சோப்பு 5க்கு 5, சானிடைசர் வெளிய போகும்போது 4.

சாமான் பாக்கெட்ட எல்லாம் ஒண்ணு ஒண்ணா தொடச்சது, காய்கறிய நாள் கணக்கா தனியா வச்சது, தெருவுல மருந்து அடிச்சது, ஆளு மேலயே புகையா அடிக்கற சுரங்கம் மாதிரி செட் பண்ணது, இதுக்கெல்லாம் நான் மார்க் போட மாட்டேன். ஆரம்பத்துல பிளாஸ்டிக்லயும் ஸ்டீல்லயும் வைரஸ் ரெண்டு மூணு நாள் வரைக்கும் இருந்ததா லேப்ல பாத்தாங்க, அதனால அந்த பயம் நியாயமானதுதான், ஆனா 2021 ஏப்ரல்ல சிடிசி தொத்து இருக்கற பொருள ஒரு தடவ தொட்டா நோய் வர்ற வாய்ப்பு பொதுவா 10,000ல ஒண்ணுக்கும் கீழன்னு சொல்லிடுச்சு. மனுஷன் மேல கிருமிநாசினி அடிக்கறது எந்த சூழ்நிலையிலயும் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாசமே சொல்லியிருக்கு.

அந்த நேரத்தையும் காசையும் ஜன்னல தொறக்கறதுல செலவு பண்ணியிருக்கலாம்னு இப்ப ரொம்ப தோணுது. 2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு பாட்டுக் குழு 61 பேரு ரெண்டர மணி நேரம் உள்ள உக்காந்து பாடிப் பழகியிருக்காங்க, வந்ததுல ஒருத்தருக்கு ஜலதோஷம் மாதிரி இருந்திருக்கு, அவரையும் சேத்து 53 பேருக்கு நோய், ரெண்டு பேர் இறந்துட்டாங்க. மூடின ரூம், ரொம்ப நேரம், சத்தமா பேசுறது பாடுறது, இந்த மூணும் சேந்தா ஆறடி தள்ளி உக்காந்தாலும் பத்தாது, சிகரெட் புகை ரூம் பூரா சுத்துற மாதிரிதான் அதுவும் சுத்தும். யாராவது வீட்டுக்கு வந்தா எதிர் எதிர் ஜன்னல் ரெண்டையும் தொறந்து ஃபேன வெளிப்பக்கமா திருப்பி வைங்க, முடிஞ்சா வெளியில உக்காந்து பேசுங்க.

ஆக்ஸிமீட்டர் வீட்டுல ஒண்ணு இருக்கறது நல்லதுதான், ஆனா ஒரு விஷயம் நம்ம மாதிரி கருத்த தோல்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும், கருப்புத் தோல்ல அது உண்மையான அளவவிட கூட்டிக் காட்டலாம்னு 2021 பிப்ரவரில எஃப்டிஏ எச்சரிச்சுது. நெயில் பாலிஷ், ஜில்லுனு இருக்கற விரல் இதெல்லாமும் கணக்க மாத்தும். அதனால ஒரு நம்பர பாத்து நிம்மதி ஆகாம, நல்லா இருக்கும்போதே உங்க சாதாரண அளவு என்னன்னு பாத்து எழுதி வச்சுக்கிட்டு அதுல இருந்து எறங்குதான்னு பாருங்க, மூச்சு வாங்கினா நம்பர் நல்லா இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க.

கடைசியா போடுற விதம் பத்தி கொஞ்சம் மன வருத்தத்தோடவே சொல்றேன். மூக்குக்கு கீழ போடுறது மாஸ்க் போடாததுக்கு சமம்தான், நாம மூச்சு விடுறதே மூக்கு வழியா. பேசும்போது கழுத்துக்கு எறக்கிட்டு பேசி முடிச்சதும் ஏத்திக்கறாங்க, பேசும்போதுதான் துளி அதிகமா தெறிக்கும், அப்பத்தான் அது மூஞ்சியில இருக்கணும். ரெண்டு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு போடவே கூடாது, அஞ்சு வயசு வரைக்கும் கட்டாயப்படுத்த வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லியிருக்காங்க, குழந்தைய திட்டாதீங்க, கூட இருக்கற பெரியவங்க ஒழுங்கா போட்டா போதும். காது கேக்காதவங்க உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுப்பாங்க, மாஸ்க் வந்ததும் அவங்க பேச்சே அடைஞ்சு போச்சு, அவங்ககிட்ட பேசும்போது தள்ளி நின்னு எழுதிக் காட்டுங்க, இல்ல போன்ல டைப் பண்ணிக் காட்டுங்க, வாய் தெரியுற மாதிரி கண்ணாடி பிளாஸ்டிக் வச்ச மாஸ்க்கும் இருக்கு, அந்த மாதிரி ஒருத்தர் வீட்டுல இருந்தா வாங்கி வைங்க.

கழட்டும்போது முன்பக்கத்த புடிக்காம காது லூப்ப புடிச்சு எடுங்க, எடுத்ததும் கை கழுவுங்க. உபயோகிச்சத ரோட்டுல வீசாதீங்க, குப்பை அள்ளுறவங்க வெறுங்கையில எடுக்குறத நான் பாத்திருக்கேன். ஒரு கவர்ல போட்டு கட்டி மூடி போட்ட குப்பைத் தொட்டியில போடுங்க, போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க எலாஸ்டிக்கையும் கத்திரியால வெட்டி விட்டுடுங்க, பறவைங்க கால்ல அது சிக்கிக்குது.